ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றப்படும் எலும்பு மருந்து

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற மூத்தோர், ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியதும் சிகிச்சை முடிந்துவிட்டதெனக் குடும்பத்தினர் எண்ணுவது இயல்பே. ஆனால், தகடும் திருகாணியும் முறிந்த இடத்தை மட்டுமே சீர்செய்கின்றன. நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்ததென்றால், உடலின் மற்ற எலும்புகளும் வலுவிழந்திருக்கக்கூடும். அடுத்த முறிவைத் தடுப்பதே சிகிச்சையின் மறுபாதி.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாது இயங்குகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும், முதுமையாலும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்துகளாலும் அரிப்பு மிகுந்து, கட்டுமானம் பின்தங்குகிறது. இதுவே எலும்புப்புரை நோய். மூட்டு வலியுடன் வரும் 'எலும்புத் தேய்மானம்' வேறு, இது வேறு. எலும்பு முறியும்வரை இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. டெக்ஸா ஸ்கேனில் டி-மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் இந்நோய் உள்ளதெனக் கொள்கிறோம்.

இதற்கென நாங்கள் அளிக்கும் மருந்துகளுள் ஒன்று சோலெட்ரோனிக் அமிலம். இது எலும்பில் படிந்து, அரிக்கும் செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. இதே வகை மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கி, அரைமணி நேரமேனும் படுக்காமல் இருக்கவேண்டும். அது இயலாதோர்க்கும் உணவுக்குழாய்ப் புண் உள்ளோர்க்கும் சிரை வழியே ஏற்றும் மருந்து ஏற்றது. சிகிச்சைக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நோய் வராமல் தடுக்க இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை.

2007-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், எலும்புப்புரை கொண்ட 7,700-க்கும் மேற்பட்ட பெண்கள் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். மருந்தற்ற நீர்மம் பெற்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 3 பேருக்கே ஏற்பட்டது. இடுப்பெலும்பு முறிவு 41 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், இடுப்பெலும்பு அறுவைக்குப்பின் இம்மருந்து பெற்றோரிடம் புதிய முறிவுகள் மட்டுமன்றி இறப்புகளும் குறைந்தன. ஆகவேதான் அறுவைக்குச் சில வாரங்களுக்குப்பின் மீண்டும் வருமாறு வற்புறுத்துகிறோம்.

மருந்து ஏற்றுமுன் இரத்தத்தில் கிரியேட்டினின், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் அளவைப் பார்க்கிறோம். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தோர்க்கு இதனை அளிப்பதில்லை. கால்சியம் குறைவாயிருப்பின் முதலில் அதைச் சரிசெய்கிறோம். பல் பிடுங்கவேண்டியிருந்தால் அதை முன்னரே முடித்துக்கொள்வது நலம். புற்றுநோய்க்காக இதே மருந்தைப் பெற்றுவருவோர் தவறாது தெரிவிக்கவேண்டும்.

மருந்தேற்றும் நாளில் வழக்கம்போல் உணவருந்தலாம். வருமுன் இரண்டு குவளை நீர் பருகவேண்டும். இதய அல்லது சிறுநீரக நோய்க்காக நீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் எங்களிடம் கேட்டபின் பருகவும். மருந்து ஏற 15 நிமிடங்களுக்குக் குறையாது ஆகும்.

முதல்முறை பெறுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், உடல்வலி, தலைவலி தோன்றலாம். பாராசிட்டமாலும் ஓய்வும் பெரும்பாலும் போதும். சில நாட்களில் தணியும். இதற்கு அஞ்சி அடுத்த ஆண்டு வராமல் நின்றுவிடுவோர் உண்டு. இரண்டாம் முறை இத்தொல்லை மிகச் சிலருக்கே வருகிறது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதும், தொடையெலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவும் நேரலாம். தாடையில் ஆறாத புண், தொடையிலோ கவட்டிலோ புதிய வலி, கண் சிவந்து வலித்தல், விரல்களிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே எங்களிடம் வரவும்.

இம்மருந்து வாழ்நாள் முழுவதற்குமானது அன்று. பலருக்கு மூன்று ஆண்டுகளுக்குப்பின் மறுபரிசோதனை செய்து, இடைவெளி விடலாமா எனத் தீர்மானிக்கிறோம். முறிவு அபாயம் மிக்கோர்க்கு ஆறு ஆண்டுகள்வரை தொடரலாம்.

மருந்து எலும்பைக் காக்கும். விழாமல் காப்பது வீட்டாரின் கையில் உள்ளது. குளியலறையில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, வழுக்காத தரை, கண் பரிசோதனை, நாள்தோறும் நடை, பால், கேழ்வரகு, கீரை, மருத்துவர் குறித்த கால்சியமும் வைட்டமின் டியும் ஆகிய அனைத்தும் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை என்பதாலேயே மறப்பதும் எளிது. மருந்தேற்றிய தேதியை நோயாளியின் கோப்பின் முதல் பக்கத்திலும், வீட்டு நாட்காட்டியிலும் குறித்துவையுங்கள்.