மலையிறக்கமும் நடுங்கும் பிரேக்கும்

நுவரெலியாவிலிருந்து நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பெரிய ஜீப் வண்டிகளின் உரிமையாளர்கள் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, மிதிகட்டை காலுக்கடியில் துடிக்கிறது, வேகம் குறைந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. கராஜில் காட்டினால் 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்ற பதில் கிடைக்கும். கடைசல் இயந்திரத்தில் ஏற்றி டிஸ்க்கைச் சீவித் தருவார்கள். சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடும். பின்னர் அதே நடுக்கம் திரும்பவும் தொடங்கும். கொழும்பில் நீண்ட காலம் உழைக்கும் பிரேக் பேட்டும் டிஸ்க்கும் இங்கே விரைவிலேயே தேய்ந்துபோவதைக் கண்டு, வண்டி பழுதானது என்று சிலரும், உதிரிப்பாகம் போலியானது என்று வேறு சிலரும் முடிவு செய்கின்றனர். இரண்டும் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் காரணம் வண்டியை இறக்கும் முறையிலும், சில்லைக் கழற்றிப் பூட்டும் முறையிலுமே இருக்கின்றது என்பதே எமது கருத்து.

இதனை வசதி படைத்தோரின் வாகனப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜனவரி 20 ஆம் திகதி மாலை, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் சமர்செட் பகுதியில், கொழும்பு மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒன்று வேன் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதிப் பள்ளத்தில் வீழ்ந்தது. வேனில் பயணித்த அறுவரும் முச்சக்கர வண்டிச் சாரதியும் என எழுவர் உயிரிழந்தனர். முஸ்லிம்களும் தமிழருமாக, இந்த மலைகளிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். பஸ்ஸின் பிரேக் செயற்படாமல் போனதே காரணம் என அப்போது கூறப்பட்டது. அதன் பின்னர் அவ்வீதியில் கனரக வாகனங்கள் செல்வது தடுக்கப்பட்டது. பஸ்ஸின் பிரேக் அமைப்பு வேறு, ஜீப்பின் டிஸ்க் பிரேக் வேறு என்பது உண்மைதான். ஆயினும் இரண்டையும் கெடுப்பது ஒரே வெப்பமே. ஒரு வாகனத்தின் பிரேக் கைவிடும்போது அதற்குரிய விலையை எதிரே வருபவர்களே செலுத்த நேரிடுகின்றது என்பதற்கு அந்த மாலைப் பொழுதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிரேக் என்பது வாகனத்தின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேறு மாயம் அதில் எதுவுமில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றரில் அமைந்துள்ளது. இடையிலுள்ள இறக்கம் 600 மீற்றருக்கும் அதிகம். லேண்ட் குரூசர் போன்ற பெரிய ஜீப் ஒன்று, ஏழு பேரையும் அவர்களது பொதிகளையும் ஏற்றினால் மூன்று தொன் வரை எடையாகும். அந்த எடை 600 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இன்னொரு விதமாகச் சொன்னால், அதே வண்டியை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நாற்பது தடவைக்கு மேல் முற்றாக நிறுத்துவதற்கு ஈடானது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்குவதா பிரேக் தாங்குவதா என்பதைத் தீர்மானிப்பவர் சாரதி. காலி வீதியின் சமதரையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. லிந்துலையில் ஒவ்வொரு நாளும் எழுகிறது.

இனி நடுக்கத்துக்கு வருவோம். வார்ப்பிரும்பினால் ஆன டிஸ்க், தகரம்போல் எளிதில் வளைந்துவிடுவதில்லை. நடுக்கம் தோன்றுவது பெரும்பாலும் டிஸ்க்கின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாமல் போவதாலேயே. வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவாக இருந்தாலே போதும், கால் அதனை உணர்ந்துவிடும். பெரிய ஜீப்பின் சில்லு 60 கிலோமீற்றர் வேகத்தில் வினாடிக்கு ஏழு தடவை சுற்றுகின்றது. தடித்த இடம் பேட்டினூடே வரும் ஒவ்வொரு தடவையும் அது பிரேக் ஒயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மிதிகட்டையின் துடிப்பு அதுவே. முன்சில்லுகளில் இக்கோளாறு இருந்தால் ஸ்டியரிங் நடுங்கும். பின்சில்லுகளில் இருந்தால் இருக்கையில் உணரப்படும். சறுக்கும் வீதியில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் மிதிகட்டை கடகடவென்று அதிர்ந்தால் அது கோளாறன்று, ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இந்தத் தடிப்பு வேறுபாடு இரு வழிகளில் உண்டாகின்றது. முதலாவது வெப்பம். இறக்கம் முழுவதும் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் பொருள் டிஸ்க்கின் மேல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும் பிரேக்குடன் வந்து ஏதேனும் ஒரு சந்தியில் மிதிகட்டையை இறுக அழுத்தியபடி சில நிமிடம் நின்றால், பேட்டின் அச்சு அந்த இடத்திலேயே பதிந்துவிடும். ஒட்டிய திட்டுகள் மற்ற இடங்களைவிட மேலும் சூடாகும். வெப்பம் ஏறத்தாழ 700 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது அவ்விடத்து இரும்பின் உள்ளமைப்பே மாறி, மிகக் கடினமான புள்ளிகள் தோன்றுகின்றன. கடைசல் இயந்திரம் மேற்பரப்பைத்தான் சீவும். கடினமான புள்ளி இரும்பின் உள்ளேயும் இறங்கியிருப்பதால், சீவிய டிஸ்க் மற்ற இடங்களில் தேய, அந்த இடம் மட்டும் தேயாமல் மேடாக நிற்கும். இரண்டு மாதத்தில் நடுக்கம் திரும்பி வருவதன் இரகசியம் இதுவே. டிஸ்க்கில் நீலம் பாரித்த வட்டங்கள் தென்பட்டால் அதனைச் சீவுவது வீண் செலவு, மாற்றிவிடுவதே முறை.

இரண்டாவது வழியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. டயர் மாற்றும் கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் சில்லு நட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அடித்து இறுக்குகிறார்கள். ஒரு நட்டு மிகை இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால் டிஸ்க் மிக நுண்ணிய அளவு சாய்ந்து உட்காரும். மழையும் பனிமூட்டமும் நீங்காத எமது பிரதேசத்தில், டிஸ்க் பொருந்தும் இடத்தில் படியும் துருவும் இதே வேலையைச் செய்கிறது. துருவைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கைப் பூட்டினால் புதியதும் சாய்ந்தே உட்காரும். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசி உரசி ஒரு பக்கத்தை மட்டும் மெலியச் செய்கிறது. எனவேதான் புதிய டிஸ்க் போட்ட பின்னரும் சில ஆயிரம் கிலோமீற்றரில் நடுக்கம் தோன்றுகிறது. பழி கடைக்காரர் மீது விழுகிறது. நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் கொண்டு பூட்டும்படி கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. கலிப்பரின் வழுக்கு ஊசிகளும் துருவால் இறுகிவிடுவதுண்டு. ஒரே சில்லில் உட்பக்கப் பேட் கரைந்து வெளிப்பக்கப் பேட் புதிதுபோல் இருந்தால் அங்கேதான் நோய்.

பழைய லொறிச் சாரதிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எந்த கியரில் ஒரு மலையில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். அவர்களது லொறிகளின் பிரேக்கை நம்ப முடியாத காலத்தில் பிறந்த கணக்கு அது. இன்றைய ஜீப்பின் பிரேக் நம்பத்தக்கதாக இருப்பதாலேயே கணக்கு மறந்துபோயிற்று. ஓட்டோ கியர் வண்டியை 'டி'யில் விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து வருவோர் பலர். அந்த வண்டிகளிலும் 'எல்', '2' அல்லது கையால் கியரைக் குறைக்கும் வசதி ஏதேனும் ஒன்று உண்டு. இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே அதற்கு மாறிக்கொள்ள வேண்டும். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் 'பி' என்ற நிலை இதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. ஹைபிரிட் வண்டி இறக்கத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொண்டே வரும்; மின்கலம் நிரம்பியதும் அந்த உதவி குறைந்துவிடும் என்பதை நகரத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் அறிந்திருப்பதில்லை. புதிய ஜீப்களிலுள்ள இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. அந்தப் பொத்தான் சாரதியின் காலுக்குத்தான் ஓய்வு தருகிறது. மண்பாதையில் மெதுவாக இறங்குவதற்கென அமைந்த அது பிரேக்கையே பயன்படுத்துகின்றது.

பிரேக்கை மிதிக்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, காலை முற்றாக எடுத்துவிட வேண்டும். இடைவெளியில் காற்று டிஸ்க்கைக் குளிரச் செய்யும். மெல்ல மெல்ல உரசியபடி வருவதே வெப்பத்தை ஏற்றுகிறது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவோரும் உளர். இவர்கள் எஞ்சினின் தடையை முழுவதுமாக இழந்து எல்லாப் பாரத்தையும் நான்கு டிஸ்க்குகளின் மேல் ஏற்றுகின்றனர். எஞ்சினையே நிறுத்திவிட்டால் ஓரிரு தடவை மிதித்த பின் பிரேக் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நவீன எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன என்பதால் இந்தச் சிக்கனத்தில் மிச்சமும் இல்லை.

உதிரிப்பாகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்தாண்டு காலத்தில் பழைய ஜீப்களைச் செப்பனிட்டுச் செப்பனிட்டே ஓட்ட வேண்டியதாயிற்று. ரூபாவின் வீழ்ச்சியுடன் பாகங்களின் விலையும் எகிறியது. பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஸ்க்கை வாங்கி வருவோரை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் ஆகக் குறைந்த தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்பது பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, அளந்து, அதற்குக் கீழே போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தேக்கிவைக்க இடமில்லாமல் விரைவில் கொதித்துவிடும். சீவிச் சீவி மெலிந்த சொந்த டிஸ்க்குக்கும் இதே விதிதான்.

இவ்விடத்தில் அரசின் பொறுப்பையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. தனியார் கார், ஜீப் ஆகியவற்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பஸ், லொறி ஆகியவற்றிடம் கேட்கப்படும் தகுதிச் சான்றிதழ் இவற்றிடம் கேட்கப்படுவதில்லை. புகை போகும் அளவை வருடந்தோறும் அளக்கும் நாட்டில், மூன்று தொன் எடையுடன் மலையிறங்கும் வண்டியின் பிரேக்கை எவரும் அளப்பதில்லை. எல்லா வாகனங்களுக்கும் ஒரேயடியாக இந்த விதியை விரிப்பது கடினம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பத்தாண்டுக்கு மேற்பட்ட வாகனங்களிலிருந்தேனும் தொடங்கலாம். ஏப்ரல் வசந்த காலத்திலும், சிவனொளிபாதமலைப் பருவத்திலும், நீண்ட விடுமுறைகளிலும் மலைவீதி அறியாத சாரதிகள் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றனர். நானுஓயாவில் இறக்கம் தொடங்கும் இடத்தில் 'கியரைக் குறையுங்கள்' என்று மும்மொழியிலும் பெரிய பலகைகளை நாட்டுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

இறுதியாகப் பிரேக் ஒயில். நடுக்கத்தைக் கவனிப்போர்கூட இதனை மறந்துவிடுகின்றனர். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எமது பிரதேசத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது நியமம். நூற்றுக்கு மூன்றரை பங்களவு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். டொட் 4 வகையில் இது 230 பாகையிலிருந்து 155 பாகைக்கு இறங்கும். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்கக்கூடியது, மிதித்த மிதிகட்டை தரைவரை செல்லும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஒயிலை முற்றாக மாற்றுவது ஒரு டயரின் விலைகூட ஆகாத வேலை.

இந்த ஆபத்து ஓடும்போதைவிட நின்ற பின்னரே சில வேளைகளில் தலைகாட்டும். இறங்கி வந்து தலவாக்கலையில் தேநீருக்காக நிறுத்தும்போது காற்று வீசுவது நின்றுவிடுவதால் டிஸ்க்கின் வெப்பம் கலிப்பருக்குள் ஏறுகிறது. ஒயில் அப்போதுதான் கொதிக்கிறது. ஆகவே மீண்டும் புறப்படுமுன் வண்டியை நகர்த்தாமலே ஒரு தடவை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கினால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். சில்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறிய வார்ப்பிரும்பு வெடித்துவிடக்கூடும். ஆறிய பின் மிதிகட்டை பழைய நிலைக்கு வந்துவிட்டாலும் அப்படியே சென் கிளேயர், டெவன் வளைவுகளில் ஹற்றன் நோக்கிப் புறப்பட்டுவிடாமல், அங்குள்ள ஒரு கராஜிலேயே ஒயிலை மாற்றிக்கொண்டு செல்ல வேண்டும்.