பல் ஊன்ற நிலம் வேண்டும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் சீடையும் போகின்றன, கரும்பு போகிறது, கல்யாணப் போட்டோவில் வாய்விட்டுச் சிரிக்கும் தைரியமும் போகிறது. இவையெல்லாம் எல்லோரும் அறிந்த நஷ்டங்கள். பலர் அறியாத நஷ்டம் ஒன்றும் உண்டு. பல் போன இடத்தில், அதைத் தாங்கி நின்ற தாடையெலும்பும் மெல்ல மெல்லக் கரைந்துபோய்விடுகிறது.

எலும்பு என்றதும் நம் மனக்கண்முன் வருவது பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் தொங்கும் எலும்புக்கூடுதான். அதைப் பார்க்கும் பிள்ளைகள் எலும்பைக் கல்லைப் போன்ற ஜடவஸ்து என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுடைய தகப்பனார்களின் எண்ணமும் அநேகமாக அதுவே. உண்மையில், உயிருள்ள எலும்பில் ரத்தம் ஓடுகிறது. இடிக்கும் அணுக்கள் ஒரு பக்கமும் கட்டும் அணுக்கள் ஒரு பக்கமுமாக, அங்கே ஓயாத கொத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது. நாம் கடித்து மெல்லும்போது பல்லின் வேர் வழியே இறங்கும் அழுத்தம்தான் தாடைக்கு ஊக்கம் கொடுக்கிறது. பல்லை எடுத்துவிட்டால் அந்த ஊக்கம் நின்றுபோகிறது; இடிக்கிறவன் கை ஓங்கிவிடுகிறது. பிடுங்கிய ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும் பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. பல்லெல்லாம் இழந்த பாட்டனாரின் கன்னம் ஒட்டிப்போவதும், வருஷத்துக்கு வருஷம் அவருடைய பல்செட்டு தளர்ந்து ஆடுவதும் இதனால்தான்.

இனி ஸ்வீடன் தேசத்துக்குப் போவோம். பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1952-இல் ஒரு முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதே அவர் நோக்கம். பல்லைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால், அது வரமாட்டேன் என்றது! எலும்பு அந்த உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. 1965-இல் கோஸ்டா லார்ஸன் என்பவருடைய கீழ்த்தாடையில் அதே உலோகத்தாலான திருகுகளை ஊன்றி, அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார் பிரோனமார்க். லார்ஸன் 2006-இல் காலமாகும் வரையில் அவை அவருக்கு உழைத்தன.

இன்று 'இம்ப்ளாண்ட்' என்று பல் வைத்தியசாலைகளில் சொல்லப்படுவது இந்தத் திருகைத்தான். ஆனால் திருகு ஊன்றுவதற்கு நிலம் வேண்டுமே! பல் போய்ப் பத்து வருஷம் கழித்து வருகிறவருடைய தாடை கத்தி விளிம்பு போல் மெலிந்திருக்கலாம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. எலும்பின் உயரம் போதாத இடத்தில் துளையிட்டு அந்த நரம்பைத் தொட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும். மேல்தாடைச் சங்கடம் வேறு விதம். கடைவாய்ப் பற்களுக்கு மேலே காற்று நிறைந்த அறை ஒன்று இருக்கிறது. பல் போனபின் அந்த அறை கீழ்நோக்கி விரிகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சுவதும் உண்டு. இவ்வறையின் அடியிலுள்ள மெல்லிய சவ்வைக் கிழியாமல் தூக்கி, அதன் கீழே எலும்பை நிரப்பும் முறையைப் பற்றி அமெரிக்காவில் பாயின், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-இல் எழுதி வெளியிட்டார்கள். இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மரியாதையைப் பார்த்து அடக்கினால் சவ்வு கிழியும்.

நிரப்பும் எலும்பு எங்கிருந்து வருகிறது? நோயாளியின் மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, நிறைய வேண்டுமானால் இடுப்பிலிருந்தோ எடுப்பது ஒரு வழி. உயிரணுக்களோடு கூடிய சொந்தச் சரக்கு. ஆனால் காயம் இரண்டாகிறது. இறந்தவர்கள் தானமாக அளித்த எலும்பைச் சுத்தி செய்து பயன்படுத்துவதும் உண்டு. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருளையெல்லாம் நீக்கி, தாது மட்டும் எஞ்சிய துகளாகச் செய்ததும் வழக்கத்தில் இருக்கிறது. ரசாயன சாலையில் செய்த கால்சியத் துகளும் கிடைக்கிறது. இவற்றில் எதுவானாலும், சுவரில் பூசிய காரைபோல் அப்படியே நின்றுவிடுவதற்காக வைப்பதல்ல. கொத்தனார் கட்டும் சாரம் போன்றது. அதில் ரத்தக் குழாய்கள் நுழைந்து, நம் சொந்த அணுக்கள் வந்து குடியேறி, புது எலும்பைக் கட்டவேண்டும். மாட்டெலும்புத் துகள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் கரையாமல் புது எலும்போடு வருஷக்கணக்கில் கலந்து கிடக்கும். எலும்பைவிட ஈற்றுச் சதை வேகமாக வளர்வது. முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். ஆகையால் நடுவே ஒரு சவ்வை வேலியாக வைக்கிறார்கள். அந்தச் சவ்வும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம்.

இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல என்பது நம் அபிப்பிராயம். ஹாலந்து தேசத்து ரணவைத்தியர் வான் மீக்கரன் என்பவரின் நூல் 1668-இல் வெளிவந்தது. ருஷியாவில் மண்டை உடைந்த ஒரு வீரனுக்கு நாயின் எலும்பை வைத்துச் செப்பனிட்டதாகவும், அதற்காக அவனைத் திருச்சபை விலக்கிவைத்ததாகவும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. நம் வீடுகளில் விலக்கிவைக்கச் சபை இல்லாவிட்டாலும், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தொடாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், "டாக்டர், இது எதன் எலும்பு? இந்தச் சவ்வு எதிலிருந்து வந்தது?" என்று கேட்பதற்குப் பூரண உரிமை இருக்கிறது. கேட்டால் வேறு சரக்கை உபயோகிக்க வழியுண்டு. வைத்தபிறகு தெரிந்துகொண்டு மனம் புழுங்குவதில் என்ன லாபம்?

ஒட்டு வைத்தபின் பொதுவாக நாலு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையில் காத்திருக்கவேண்டும். பிறகு திருகு, அது பிடிக்க மேலும் சில மாதம். "அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், அதற்குள் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு எலும்பு செவி சாய்ப்பதில்லை. சுருட்டும் சிகரெட்டும் ஒட்டுக்குச் சத்துரு. கட்டுக்கடங்காத நீரிழிவும் அப்படியே. எலும்புத் தேய்வுக்காக மருந்து சாப்பிடும் மூதாட்டிகள் அந்த மருந்தின் பெயரை முன்கூட்டியே பல் வைத்தியரிடம் சொல்வது அவசியம்.

எல்லோருக்கும் இந்த ஒட்டு வேண்டியதில்லை. எலும்பு போதுமானதாக இருந்தால் நேரே திருகை ஊன்றலாம்; சிலருக்குக் குட்டைத் திருகே போதும்; நல்ல பல்செட்டே போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் பிற்பாடு பல் ஊன்றிக்கொள்ளும் உத்தேசம் இருக்குமானால், பல்லைப் பிடுங்கும் தினத்திலேயே அந்தக் குழியில் துகளை நிரப்பி எலும்பின் குறைவை ஓரளவு மட்டுப்படுத்திக்கொள்ளலாம். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் அதைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.