காந்தம் சொல்லும் முதல் சேதி

கிராமபோன் பெட்டியோடு பட்டறைக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒன்றையே கேட்பார்கள்: “அண்ணை, புதுசு மாதிரி மினுக்கித் தாங்கோ.” நான் முதலில் எடுப்பது காந்தத்தை. முலாத்துக்குக் கீழே என்ன உலோகம் என்று தெரியாமல் கைவைத்தால், மிஞ்சியிருப்பதும் போய்விடும்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பைக் காண்பது அரிது. காந்தம் இறுக ஒட்டினால் இரும்பு. மேலே பூசிய நிக்கல் தேய்ந்து ஊசித்துளை அளவு திறந்தாலே போதும். ஈரமும் உப்பும் சேர, அந்த இடத்தில் நிக்கல் தப்பிக்கொள்ளும், இரும்புதான் கரையும். துரு அடியிலேயே பரவி முலாத்தை உரித்துவிடும். பித்தளையில் அந்தப் பயம் குறைவு, மஞ்சள் தெரியும், அவ்வளவுதான். பலர் விரல் பட்டுத் தேய்ந்த அந்த மஞ்சளை மறைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நிறத்தையும் பார்க்க வேண்டும். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயல், குரோமியத்தில் நீலச் சாயல். 1925இல் வந்த எச்.எம்.வி. 101இன் தொடக்ககாலப் பெட்டிகளில் இருந்தது நிக்கல். அதற்குக் குரோமியம் பூசுவது பெட்டியின் வயதையே அழிக்கிற வேலை. குரோமியக் கரைசலின் ஆவி புற்றுநோய் தரக்கூடியது என்பதால், அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

நிக்கலுக்கு நான் நம்புவது ஒலிவர் வாட்ஸ் 1916இல் வெளியிட்ட கலவையை: நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக்கமிலம். பாகத்தை மறைமுனையிலும் நிக்கல் தகட்டை நேர்முனையிலும் கட்ட வேண்டும். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் பரப்பில் ஒரு அம்பியர் மின்னை ஒரு மணித்தியாலம் விட்டால், ஏறத்தாழ 12 மைக்ரோன் படியும். ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. இவ்வளவு மெல்லியது பள்ளத்தை நிரப்பாது, அடியிலுள்ள கீறலை அப்படியே காட்டும். அதனால் பாதி வேலை முலாத்துக்கு முந்தியது, தேய்ப்பது. அதை அவசரக்காரர்கள் மோட்டார்ச் சில்லில் கொடுத்துவிடுவார்கள். ஊசி பொருத்தும் சவுண்ட் பொக்ஸின் முதுகில் பொறித்த எழுத்து ஒருமுறை மழுங்கினால் பிறகு வராது. அந்த இடத்தை நான் கையால்தான் தேய்ப்பேன்.

காந்தம் ஒட்டாமல், சாம்பல் நிறத்தில் மயிரிழை வெடிப்புகளோடு இருந்தால் அது நாக வார்ப்பு. தூய நாகத்தைக் கொண்டு செய்த சமாக் கலவை 1929இல் வந்தது. அதற்கு முன் வார்த்ததில் ஈயம் கலந்திருந்தால், எங்கள் ஊர் வெக்கையும் ஈரமும் பட்டு உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். துப்புரவாக்கும் அமிலம் வெடிப்புக்குள் இறங்கினால் வெளியே வராது. இப்படியானதற்கு முலாம் பூசக் கேட்டால் மறுத்துவிடுவேன். மாற்றுப் பாகம் தேடச் சொல்வேன்.

மற்றபடி, பிராசோ போட்டு அடிக்கடி தேய்க்காதீர்கள், ஒவ்வொரு தேய்ப்பும் முலாத்தைக் கொஞ்சம் கொண்டுபோகும். வாடை தொடங்குமுன் உலர்ந்த துணியால் துடைத்து, கார் மெழுகை மெல்லிசாகப் பூசி வையுங்கள். மூடிக்குள் ஈரம் நிற்காமல் வெயில் நாளில் திறந்து வைத்தால், என்னிடம் வரவேண்டிய தேவையே பல பெட்டிகளுக்கு இராது.