சிறிய ஊருக்கு எது சந்தை?

எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். உள்ளூர் வாடிக்கையாளரை மட்டும் நம்பினால் அங்கே எந்தத் தொழிலும் ஓரளவுக்கு மேல் வளராது. 2003இல் அந்நாட்டுப் பொறியாளர்கள் எழுதிய ஸ்கைப், தொடக்கத்திலேயே உலகச் சந்தையைக் குறிவைத்தது. 2014 முதல் அயல்நாட்டாரும் இணையம் வழியே அங்கே கம்பெனி தொடங்க வழி செய்தார்கள். கர்நாடகத்துச் சிற்றூரான பங்காருபேட்டையின் பானிபூரிக்கும் இதே கணக்குதான். நிறமே இல்லாத தெளிந்த தண்ணீர், வாயில் வைத்ததும் சுரீரென ஏறும் காரம். ஊர்ப் பெயரையே முத்திரையாக்கிக்கொண்டு அது பெங்களூரு தெருக்கள்வரை போய்விட்டது.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் வந்த அதிர்ஷ்டம் என்பார்கள். பங்காருபேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோலார் தங்கவயலுக்கும் அதே ரயில்தானே? 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின் அங்கிருந்து பெங்களூருக்குப் போவது பெரும்பாலும் கூலிக்கும் சம்பளத்துக்கும் தினமும் ரயிலேறும் ஆட்கள்தான். கையில் முதல் இல்லை என்பது நியாயமான மறுப்பு. ஆனால் பானிபூரி வண்டிக்கும் பெரிய முதல் தேவைப்பட்டதில்லை.