ஒரே முகாமில் பிறந்தோம். அண்ணா இந்தியர், நான் இலங்கையர்

எனக்கும் அண்ணாவுக்கும் இருபது மாத வித்தியாசம். அவர் 1987 பெப்ரவரியில் பிறந்தார், நான் 1988 ஒக்டோபரில். அம்மாவும் அப்பாவும் 1985இல் மன்னாரிலிருந்து வள்ளமேறிப் போய்த் தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் இருந்த காலம் அது. இந்தியச் சட்டப்படி அண்ணா பிறப்பிலேயே இந்தியக் குடிமகன். நான் இல்லை. இது எங்களுக்குத் தெரியவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து.

காரணம் ஒரு திகதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இந்தியக் குடிமக்கள். வெளிநாட்டுத் தூதுவரின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு, விசா இல்லாமல் கடல் கடந்து போன நம்மவர்களை இந்திய அரசு அந்த வகையில்தான் வைத்திருக்கிறது. 2019இல் வந்த திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

அண்ணாவுக்கு விடயம் தெரிந்ததே ஒரு வழக்கினால்தான். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பெற்றோர் இலங்கையர் என்று சொல்லிக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

இப்படிப் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, நிரூபிக்கத்தான் வேண்டும். நிரூபிப்பது பிறப்புச் சான்றிதழ். அண்ணாவினுடையதில் அப்பாவின் பெயர் பிழையாக இருந்ததால் அதைத் திருத்தவே மாதக்கணக்கில் அலைந்தார். முகாமில் எத்தனை பேர் அந்தக் கடதாசியை வெள்ளத்துக்கும் கறையானுக்கும் கொடுத்திருப்பார்களோ தெரியாது.

என் கதை சுலபமானது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிந்தால் வம்சாவழிப் பிரஜாவுரிமை கிடைக்கும். பிந்தினால் காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெற வேண்டும். அப்பா எனக்குப் பிந்தித்தான் பதிந்தார். அந்தப் பத்திரத்தோடு 2012இல் ஊருக்கு வந்தேன். அண்ணாவைப் பதியவில்லை, அவருக்கு அப்போது வர மனமில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் இலங்கைப் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

இப்போது கவலையெல்லாம் அண்ணாவின் மகளைப் பற்றித்தான். அவள் 2013இல் பிறந்தவள். அண்ணி மன்னாரில் பிறந்து, 1990இல் கைக்குழந்தையாக வள்ளத்தில் போனவர். எனவே தகப்பன் இந்தியராக இருந்தும் பிள்ளை இந்தியர் இல்லை. பிரஜாவுரிமை தகப்பன்வழிதான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் இலங்கையிலும் பதியவில்லை. ஆனால் 2003 திருத்தத்தின் பின் தாய்வழியாகவும் அது வரும். போன மாதம் பிரதேச செயலகத்தில் அண்ணியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். பிந்தியதற்கான காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று அண்ணா தொலைபேசியில் கேட்டார். தெரியாது என்று எழுதச் சொன்னேன்.