கடத்தல்காரர்களுக்கு போன் விற்ற போலீஸ்! தெரியுமா?

யாரும் ஒட்டுக்கேட்க முடியாத போன் வேண்டும் என்று உலகம் முழுக்கக் கடத்தல் கும்பல்கள் அலைந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்ன செய்தது தெரியுமா? அப்படி ஒரு போனைத் தானே அவர்கள் தலையில் கட்டிவிட்டது!

போனின் பெயர் 'ஆனம்'. அதில் சாதாரணமாக யாரையும் கூப்பிட முடியாது, மின்னஞ்சல் கிடையாது. ஒரு கால்குலேட்டர் இருக்கும். அதில் ரகசிய எண்ணைத் தட்டினால்... அடடா, அரட்டைப் பெட்டி திறக்கும்! அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் சத்தமில்லாமல் இன்னொரு பிரதி எடுத்து போலீசுக்கும் போய்ச் சேரும்!

இலவசமா கொடுத்தார்கள்? அதுதான் இல்லை! அமெரிக்காவில் 6 மாதச் சந்தா சுமார் 1,700 டாலர். தங்களை வேவு பார்க்கத் தாங்களே காசு கட்டிய ஏமாளிகளை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

கடையில் கேட்டால் கிடைக்காது. ஏற்கெனவே வைத்திருப்பவர் சிபாரிசு செய்ய வேண்டும்! ஆஸ்திரேலிய போலீஸ் வலைவீசித் தேடிய ஹக்கான் அயிக் என்ற தாதாவே, விஷயம் தெரியாமல், மற்ற கும்பல்களுக்கு இதைப் பரிந்துரைத்தார்! பிறகு போலீசே அவருக்கு என்ன சொன்னது தெரியுமா? "உன் கூட்டாளிகள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள், சரணடைந்துவிடு!"

2021 மார்ச்சில் 'ஸ்கை இசிசி' என்ற போட்டி போனை பெல்ஜிய போலீசார் உடைத்தார்கள். பதறிப்போன கும்பல்கள் எங்கே ஓடின? நேராக ஆனமிடம்! 3,000 பேர் பயன்படுத்திய போன், கொஞ்ச நாளில் 9,000 பேர் கைக்குப் போனது!

2021 ஜூனில் குட்டு உடைந்தபோது கணக்கைப் பாருங்கள். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 12,000 போன்கள், 2 கோடியே 70 லட்சம் செய்திகள்! 16 நாடுகளில் 800க்கும் மேல் கைது! 8 டன் கொக்கெயின், 22 டன் கஞ்சா, 250 துப்பாக்கி, 55 சொகுசு கார்! கொலை மிரட்டல்கள் மட்டும் 100க்கும் மேல் முறியடிக்கப்பட்டன.

போன் பக்கமே போகாத தாதா சிக்குவாரா? சிசிலி மாஃபியாத் தலைவர் பெர்னார்தோ ப்ரொவென்சானோ 43 ஆண்டு தலைமறைவு! கட்டளையெல்லாம் துண்டுச்சீட்டில்தான் போகும். பெயர்களுக்குப் பதில் எண்கள். 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 5! பள்ளிக்கூடப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், போங்கள்! 2006இல் அவரைக் காட்டிக்கொடுத்தது எது? வெளுத்து அனுப்பிய துணிமூட்டை! அது கைமாறிப் போன வழியே போலீஸ் போனது. கோர்லியோனே பக்கத்தில் ஒரு பண்ணைவீட்டில் மனிதர் இருந்தார்!

இன்னொரு மாஃபியாத் தலைவர் மத்தேயோ மெஸ்ஸினா தெனாரோவுக்கு 30 ஆண்டு ஓட்டம். அக்கா வீட்டு நாற்காலியின் குழல் காலுக்குள் ஒரு காகிதம்! அதில் அவருடைய புற்றுநோய் விவரம்! போலீஸ் என்ன செய்தது? அதே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களை அரசு மருத்துவப் பதிவேடுகளில் சலித்தது. 2023 ஜனவரி 16 அன்று பலேர்மோவின் மருத்துவமனை ஒன்றில் ஆள் பிடிபட்டார்! துப்பாக்கிச் சண்டை எதுவும் இல்லாமல், சிகிச்சைக்கு வந்த இடத்தில்!

சீஸ் கட்டி ஜெயிலுக்கு அனுப்புமா? அனுப்பியது! இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு போதைமருந்து வியாபாரி, உள்ளங்கையில் ஸ்டில்டன் சீஸை வைத்துப் படமெடுத்து 'என்க்ரோசாட்' என்ற ரகசிய போனில் பெருமையாகப் பகிர்ந்தார். பிரெஞ்சு போலீஸ் அந்த வலையமைப்புக்குள் புகுந்திருந்தது அவருக்குத் தெரியாது! படத்தில் தெரிந்த விரல்ரேகையை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். 2021இல் தண்டனை 13 ஆண்டு 6 மாதம்!