ஒரே மேசையில் கோப்பி பொறுக்கிய பெண்கள்



எங்கள் மாதர் சங்கத்தில் இருபத்தாறு பேர் கச்சான் பயிரிட்டோம். லொறி கொண்டுவந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தோம். "அடுத்த போகம் சேர்ந்து காயவைத்து, தரம் பிரித்து, நாங்களே விற்போம்" என்று கூட்டத்தில் சொன்னேன். உடனே ஒரு சகோதரி எழும்பி, எதிரில் இருந்தவரைக் காட்டி, "இவவோட ஒரு படங்கில இருந்து நான் கச்சான் தெரியமாட்டன்" என்றா.

இருவரும் போரில் இழந்தவர்கள்தான். ஒருவரின் மகன் விருப்பமில்லாமல் கொண்டுபோகப்பட்டவன். மற்றவரின் கணவர் கொண்டுபோனவர்களோடு நின்றவர். மகனும் திரும்பவில்லை, கணவரும் திரும்பவில்லை. கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் கச்சானை எடுக்கவில்லை. ருவாண்டா நாட்டுக் கோப்பியைப் பற்றிச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

ருவாண்டா ஆபிரிக்காவிலுள்ள சிறிய மலைநாடு. 1994 ஏப்ரல் முதல் யூலை வரை, சுமார் நூறு நாட்களில், அங்கு எட்டு இலட்சம் பேர் வரையில் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் துட்சி மக்கள். கொன்றவர்களில் அயல்வீட்டாரும் இருந்தார்கள். பின்னர் ஏராளமான ஆண்கள் சிறைக்குப் போனார்கள். வீடும் காணியும் பெண்களின் தலையில் விழுந்தன.

மலைச்சரிவுகளில் கோப்பி மரங்கள் நின்றன. ஆனால் 1989இல் சர்வதேச கோப்பி உடன்படிக்கை குலைந்ததிலிருந்து உலகச் சந்தையில் விலை விழுந்திருந்தது. வீட்டிலேயே தோல் நீக்கிக் காயவைத்த கோப்பியை வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்தார்கள்.

1999இல் தெற்கே மரபா என்ற இடத்தில் 220 விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 'ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைப்பவர்கள்' என்பது அதன் பெயரின் பொருள். உறவுகளைப் பறிகொடுத்த விதவைகளும், கொலைக் குற்றச்சாட்டில் சிறையிலிருந்தவர்களின் மனைவிமாரும் அதில் சேர்ந்தார்கள்.

2001இல் பல்கலைக்கழகங்களின் உதவியோடு அவர்களுக்கு ஒரு கோப்பி கழுவும் நிலையம் கிடைத்தது. சிவந்த பழங்களை மட்டும் பறித்து அன்றைக்கே அங்கே கொண்டுவர வேண்டும். தண்ணீரில் மிதப்பவற்றை நீக்கி, தோல் உரித்து, புளிக்கவிட்டு, கழுவி, உயர்ந்த மேசைகளில் உலர்த்துவார்கள். மேசையின் இருபக்கமும் நின்று பழுதான விதைகளைக் கையாலே பொறுக்குவது பெரும்பாலும் பெண்களே. இந்த நிலையத்தை ஒருத்தி தனியே வைத்து நடத்த முடியாது. சேர்ந்தால்தான் முடியும். மனம் ஆறும்வரை காத்திருக்காமல் வேலையைத் தொடங்கினார்கள்.

2003இல் அந்தக் கோப்பி பிரித்தானியாவின் பெரிய கடைகளில் விற்பனையாயிற்று. இலாபத்தில் 70 வீதத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிட்டு, 30 வீதத்தைச் சங்கத்துக்கு வைத்தார்கள். பின்னர் சங்கம் சுமார் 2,000 விவசாயிகளைக் கொண்டதாக வளர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே 1999இல் வந்த சட்டம், மகன்மாரைப் போல மகள்மாருக்கும் பெற்றோர் சொத்தில் உரிமை கொடுத்தது. ஆனால் மனைவிக்குரிய பாதுகாப்பு, திருமணத்தைச் சட்டப்படி பதிந்தவர்களுக்கே கிடைத்தது. பதியாதவர்கள் வெளியே நின்றார்கள். இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் பலர் தலை குனிந்தார்கள். எங்களிலும் பலரிடம் திருமணப் பதிவு இல்லை, சிலரிடம் மரணச் சான்றிதழ் இல்லை. காணி உறுதியோ கணவரின் பெயரில். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பிரதேச செயலகத்துக்குப் பலமுறை நடந்தே மாற்றினேன்.

இந்தப் போகம் கச்சானைச் சேர்ந்து காயவைத்தோம். அந்தச் சகோதரிகள் இருவரும் வந்தார்கள். படங்கின் இந்த அந்தத்தில் ஒருவர், அந்த அந்தத்தில் மற்றவர். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் இருவர் தெரிந்த கச்சானும் ஒரே சாக்கில் போனது. கிலோவுக்கு இருபது ரூபா கூடக் கிடைத்தது.

சகோதரிகளே, மன்னிக்கச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. அது அவரவர் மனம். ஒரே படங்கில் இருப்பதற்கு மட்டும் இடம் விடுங்கள். உங்கள் பத்திரங்களையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.